மிஷனரியின் ஒரு நாள்: போகப் போகிறவர்களுக்கும், கதவைத் திறக்கிறவர்களுக்கும்

முதல் பதிவு

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எங்கே போனாலும் இரண்டிரண்டு பேர். ஊரில் "மார்மன் பசங்க" என்பார்கள். வீடு வீடாகப் போய் மதம் பேசும் இந்த மிஷனரிகளை அனுப்பும் சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் 2018-ல் கேட்டுக்கொண்டதிலிருந்து, உள்ளே இருப்பவர்கள் 'மார்மன்' என்ற சொல்லை அதிகம் புழங்குவதில்லை.

இந்த இழையில் போதனை வேண்டாம். காலையில் எழுந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை என்ன நடக்கிறது, எங்கே சிக்கல் வருகிறது, ஏன் வருகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். அமெரிக்க மிஷன்களின் (மிஷனரிகள் வேலை செய்யும் வட்டாரங்களின்) நடைமுறையை வைத்தே பேசுவோம். அந்த ஊழியக் காலத்தையும் மிஷன் என்றே சொல்வோம்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மிஷன் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபரில் ஆண்கள் கிளம்புவதற்கான குறைந்தபட்ச வயது 19-லிருந்து 18-க்கும், பெண்களுக்கு 21-லிருந்து 19-க்கும் இறங்கியபோது, பள்ளி முடித்த கையோடு கிளம்புகிறவர்கள் பெருகினார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர் வீட்டில் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 ஜூலைக்கு முன் அது 400. டோக்கியோவுக்குப் போனாலும் டெக்சாஸுக்குப் போனாலும் தொகை ஒன்றுதான். ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கிளம்பும் முன் யூட்டா மாநிலத்தின் புரோவோவில் இருப்பது போன்ற பயிற்சி மையத்தில் சில வாரம். புது மொழி கற்க வேண்டுமானால் இன்னும் சில வாரம் கூடும்.

பதில்: நேரம்

6:30-க்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, பிறகு குளியல், காலை உணவு. 8 மணிக்குத் தனிப் படிப்பு, 9 மணிக்குக் கம்பானியனோடு (ஜோடியாக இருக்கும் மற்ற மிஷனரியோடு) சேர்ந்து படிப்பு, 10 மணிக்கு வெளியே. இரவு 9-க்கு வீடு. யாருக்காவது மதப் பாடம் நடந்துகொண்டிருந்தால் 9:30. விளக்கணைப்பு 10:30. இது பழைய சட்டகம். 2017-லிருந்து உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் இடறுவது பெரும்பாலும் 10 மணிக்குத்தான். முந்தின இரவு திட்டம் போடாமல் படுத்திருந்தால், கதவைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று "எங்கே போகலாம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். மறுநாளின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை, அது தவறினால் அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு மாற்று வேலை என்று இரவே எழுதி வைத்துவிட வேண்டும். மாற்று வேலை ஊரின் மறுகோடியில் இருந்தால் அது மாற்றே இல்லை. பாதி நேரம் பெடல் மிதிப்பதில் போய்விடும்.

பதில்: கம்பானியன்

அண்ணா நேரத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மிஷனில் கடினமானது நேரமுமல்ல, மூடுகிற கதவுகளுமல்ல. நாம் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு 24 மணி நேரமும் இருப்பதுதான். குளியலறை தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒருவர் பார்வைக்குள், ஒருவர் குரல் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர். அன்றைக்கு இருவரில் ஒருவர் மாறலாம், மாறாமலும் போகலாம். புதிதாக வந்தவருக்கு முதல் 12 வாரம் பயிற்சியாளர் ஒருவரோடு.

சண்டை பெரிய விஷயத்தில் வராது. பாத்திரம் கழுவாதது, குறட்டை, அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பது, பாடம் நடக்கும்போது குறுக்கே பேசுவது. இதற்கென்றே ஒரு வழி உண்டு. வாராந்திரத் திட்டமிடலின் கடைசியில் இருவரும் உட்கார்ந்து, எது நன்றாகப் போனது, எதை மாற்ற வேண்டும் என்று நேருக்கு நேர் பேசுவது. நிறையப் பேர் "எல்லாம் சரிதான்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் பேச்சே நின்றுபோகிறது. பாராட்டோடு தொடங்குங்கள். குறையை ஒன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். எந்த நாள், எந்த வீடு என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அப்படியும் தீராவிட்டால் டிஸ்ட்ரிக்ட் லீடரிடம் (சில ஜோடிகளுக்குப் பொறுப்பான மிஷனரியிடம்) சொல்வது கோள் மூட்டுவதல்ல. ஒரு நாள் ஆள் மாற்றிப் போகும் 'எக்ஸ்சேஞ்ச்' ஏற்பாடு இருக்கிறது. இறுக்கம் தளர அது நன்றாகவே உதவும்.

பதில்: சைக்கிள்

கையில் இருக்க வேண்டியவை: ஹெல்மெட் (கட்டாயம்), உதிரி ட்யூப் ஒன்று, டயர் நெம்பி இரண்டு, பஞ்சர் பட்டை, சிறிய பம்ப்.

பஞ்சரானால் உடனே புது ட்யூப் மாட்டிவிடாதீர்கள். பழைய ட்யூபில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டி நடைபாதை விளிம்பில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஒரே ஓட்டையானால் முள்ளோ கண்ணாடியோ டயருக்குள் இன்னும் குத்திக்கொண்டிருக்கும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி அதைப் பிடுங்காமல் மாட்டினால், அடுத்த தெருவிலேயே மறுபடியும் இறங்கிவிடும்.

செயின் வலப்பக்கம் ஓடுகிறது. வலது பேன்ட் காலை ஒட்டும் பட்டையால் இறுக்குங்கள், இல்லையென்றால் காலுறைக்குள் செருகுங்கள். முதல் மாதமே கிழியும் பேன்ட் எல்லாம் வலது காலில்தான் கிழிகிறது. பாவாடை அணியும் சிஸ்டர்களுக்கு (பெண் மிஷனரிகளுக்கு) செயின் உறை அவசியம். 2018 இறுதியிலிருந்து சிஸ்டர்கள் பேன்ட் அணியவும் அனுமதி உண்டு.

பதில்: கார்

சில பகுதிகளில் மிஷனே கார் தரும். மாதத்துக்கு இத்தனை மைல் என்று அளவு வைத்திருப்பார்கள். முதல் பதினைந்து நாளில் தீர்த்துவிட்டால் மீதி நாள் நடைதான். பின்னால் எடுக்கும்போது கம்பானியன் இறங்கிப் பின்பக்கம் நின்று கைகாட்ட வேண்டும். மழையானாலும் பனியானாலும் இறங்கியே ஆக வேண்டும். ஓட்டுகிறவர் கண்ணில் படும் பக்கமாக நில்லுங்கள், காருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

பதில்: உடுப்பு

எட்டுச் சட்டை இருந்தால் ஒரு வாரத்தை ஓட்டலாம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததை எடுங்கள், இஸ்திரி வேலை மிச்சம். காலர் அழுக்கைத் துவைக்கும் நாள்வரை விட்டுவைத்தால் மஞ்சளாக ஏறி நின்றுவிடும். அன்றிரவே சோப்பு தேய்த்து அலசிவிடுங்கள். ஷூ இரண்டு ஜோடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வியர்வை காய அதற்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். புது ஷூவை வீட்டிலேயே நடந்து பழக்கிவிட்டுப் போங்கள்.

பதில்: கதவு

மணியடித்ததும் இரண்டடி பின்னால் வந்து, இருவரும் கண்ணில் படும்படி நில்லுங்கள். கேட்டைத் திறக்கும் முன் ஒரு முறை ஆட்டிச் சத்தம் கொடுங்கள். நாய் இருந்தால் தெரிந்துவிடும். மதம் பேச வீடு வீடாகப் போக நகராட்சி அனுமதி தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. ஆனால் தனியார் அடுக்குமாடி வளாகத்தில் மேலாளர் போகச் சொன்னால் வாதாடாமல் கிளம்புங்கள்.

பாடம் 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை அழுதாலோ அடுப்பில் குழம்பு இருந்தாலோ பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். மறுபடி வர அழைப்பு கிடைக்கும்.

பதில்: நம் வீட்டுக்கு வந்தால்

அமெரிக்காவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வந்தவர்களை உட்காரவைத்து ஃபில்டர் காபி கொடுப்பது நம் வழக்கம். அவர்கள் ஞான வார்த்தை என்ற கட்டளைப்படி காபி, தேநீர், மது, புகையிலை தொடுவதில்லை. டபராவில் நுரை பொங்க நீட்டியதை மறுக்கிறார்களே என்று வருந்தாதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, பால், காபித்தூள் சேர்க்காத சுக்கு மல்லி எதுவானாலும் மகிழ்ச்சியாகக் குடிப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பொதுவாக உபவாசம். அன்றைக்குச் சாப்பிட அழைத்தால் மாலைக்கு மேல் அழையுங்கள்.

வீட்டில் அம்மாவோ அக்காவோ தனியாக இருந்தால் எல்டர்கள் (ஆண் மிஷனரிகள்) உள்ளே வர மாட்டார்கள். எவ்வளவு அழைத்தாலும் வாசலிலேயே நின்று பேசுவார்கள். அது அவர்கள் விதி: எதிர்பாலர் மட்டும் இருக்கும் வீட்டில் நுழையக் கூடாது. "வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க" என்று வற்புறுத்தினால் அவர்களுக்குத்தான் சங்கடம். வெளியே இரண்டு நாற்காலி போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் போதும்.

பதில்: பி-டே

வாரத்தில் சொந்த வேலைகளுக்கான ஆயத்த நாள்தான் பி-டே. பெரும்பாலும் திங்கட்கிழமை, மாலை 6 மணிவரை. துணி துவைப்பது, மளிகை, முடிவெட்டு, வீட்டுக்குக் கடிதம், மிஷன் தலைவருக்கு வாரக் கடிதம் எல்லாம் அதற்குள். காசு போடும் துவைப்பகங்களுக்குக் கால் டாலர் நாணயங்களை வாரம் முழுக்கச் சேர்த்து வையுங்கள். காலையில் முதலில் துணியைப் போட்டுவிட்டு, அது சுழலும்போதே கடிதம் எழுதலாம்.

முன்பெல்லாம் வீட்டுக்குப் பேசுவது வருடத்துக்கு இரண்டு முறைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அழைப்பில் வீட்டுப் பிரச்சினை முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். மனம் ஊருக்குத் திரும்பிவிட்டவனை மிஷனில் 'ட்ரங்க்கி' என்பார்கள், பெட்டி கட்டிவிட்டான் என்ற பொருளில். உடல் அங்கே இருக்கும், பாடம் நடத்தும்போதும் கண் கடிகாரத்தில் இருக்கும். "இந்த வாரம் யாரைப் பார்த்தே? கம்பானியன் எந்த ஊர்? என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள். கால் வலி, காய்ச்சல் என்று பையன் வாய் தவறிச் சொன்னால், மிஷன் அலுவலகத்துக்கு அன்றே தெரிவிக்கச் சொல்லுங்கள். சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள் அதிகம்.