'புவியுமிழ் கதிர்வீச்சு' – சொல் பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வானிலைச் செயற்கைக்கோள்கள் புவியை நோக்கி அளக்கும் இருவகைக் கதிர்வீச்சுக்கும் 'வெளிச்செல் நெட்டலை', 'வெளிச்செல் சிற்றலை' என்ற கலைச்சொல் இணை முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. சிற்றலை என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது வானொலி. அதன் அலைநீளம் பத்து மீட்டருக்கும் மேல். இங்கே பேசப்படுவதோ 5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த சூரிய ஒளி.

அலைநீளத்தை விட்டுவிட்டுப் பிறப்பிடத்தைக் கொண்டு பெயரிடுவோம். ஒன்று, சூரியனிலிருந்து வந்து மேகத்திலும் பனியிலும் மணலிலும் பட்டுத் திரும்புவது: 'எதிரொளி சூரியக் கதிர்வீச்சு'. மற்றது, புவி தன் வெப்பத்தால் தானே வெளியிடும் அகச்சிவப்பு: 'புவியுமிழ் கதிர்வீச்சு'. சராசரியாகச் சதுர மீட்டருக்கு வரும் 340 வாட்டில் ஏறத்தாழ 100 வாட் எதிரொளியாகப் போய்விடுகிறது. ஏறத்தாழ 240 வாட் உமிழப்படுகிறது.

அளக்கும் கருவியும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. 1959இல் ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 7 செயற்கைக்கோளில் அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னர் சுவோமி கருப்பும் வெள்ளையுமாக அரைக்கோளங்களைப் பொருத்தினார். கருப்பு இரண்டையும் உட்கொள்ளும். வெள்ளை சூரிய ஒளியைத் திருப்பிவிட்டு அகச்சிவப்பை மட்டும் ஏற்கும். இரண்டும் எவ்வளவு சூடேறின என்று ஒப்பிட்டால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள சீரிஸ் (CERES) என்னும் கதிர்வீச்சளவிக் கருவியிலும் பகல் நேரக் கணக்கு கழித்தல்தான்: மொத்தக் கதிர்வீச்சிலிருந்து எதிரொளியைக் கழித்தால் மிஞ்சுவது புவியுமிழ் கதிர்வீச்சு. இரவில் எதிரொளி இல்லை. அளப்பது முழுவதும் உமிழ்ந்ததே.

'தரையுமிழ்' என்ற மாற்றுச்சொல்லை நாம் ஏற்கவே கூடாது. தரை உமிழ்வது சதுர மீட்டருக்கு 400 வாட்டை நெருங்கும். அதில் பெரும்பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் மேகங்களும் உறிஞ்சிக்கொண்டு, மேலிருந்து குறைவாகவே உமிழ்கின்றன. இடிமேகத்தின் மீது செயற்கைக்கோள் காண்பது தரையை அன்று, உறைகுளிரில் இருக்கும் மேகத்தின் உச்சியை. அதனால்தான் புவியுமிழ் கதிர்வீச்சின் அளவு குறைந்தால் அங்கே உயரமான மழைமேகம் திரண்டிருக்கிறது என்று கொள்கிறார்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதை அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை மழைப்பதிவையும் காற்றையும் பார்ப்பதோடு, வட அட்சம் 5–10 பாகை, கிழக்குத் தீர்க்கம் 70–75 பாகைக்குள் இந்த அளவு சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் கீழே இருக்கிறதா என்றும் பார்க்கிறது. ஆகவே 'புவி' என்பது காற்றுமண்டலத்தையும் சேர்த்தே. இதைச் சொல் விளக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

'புவியுமிழ்வு' என்று சுருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கார்பன் உமிழ்வு செய்தித்தாள்களில் நிலைத்துவிட்ட சொல். வாசகர் புகையென்று எண்ணிக்கொள்வார்.

அடுத்து, இவ்விரண்டையும் வரும் ஒளியோடு சேர்த்துப் பார்க்கும் கணக்குக்கு 'கதிர்வீச்சுச் சமநிலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் 'கதிர்வீச்சு வரவுசெலவு' என்பேன். இப்போது புவி ஏற்பது வெளியே விடுவதைவிடச் சற்று அதிகம். சமநிலை இல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.