அமெரிக்காவின் கடும்போட்டிக் கல்லூரிகளில் சேர்க்கை: பதினொன்றாம் வகுப்பு மாணவி இப்போது எதில் கவனம் செலுத்த வேண்டும்?

நீலவானம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். உயிரியலிலும் புள்ளியியலிலும் உண்மையான நாட்டம் உடையவள். இதுவரை எடுத்த பாடங்களில் பெரும்பாலும் 'ஏ' நிலை பெற்றிருக்கிறாள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 1510 வாங்கியிருக்கிறாள். ஹார்வர்டு, யேல், கார்னெல் போன்ற பெயர்களை அவளே சொல்லத் தொடங்கியிருப்பதால், பெற்றோராகிய நாங்கள் எங்கே உதவ வேண்டும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரியாமல் இருக்கிறோம்.

எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் எண்ணிக்கையில் சொல்கிறார்கள்: இத்தனை ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்), இத்தனை மன்றங்களில் பொறுப்பு, இத்தனை மணி நேரத் தொண்டு என்று. தனியார் ஆலோசகர் ஒருவர், பெருந்தொகை ஒன்றைச் செலுத்தினால் கோடை விடுமுறைக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிடச் செய்வதாகவும், அவள் பெயரில் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கித் தருவதாகவும் கூறுகிறார். இது பயன் தருமா? எஸ்.ஏ.டி. தேர்வை அவள் மீண்டும் எழுத வேண்டுமா? இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் முன்கூட்டியே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் 'எர்லி டிசிஷன்' முறையில் போனால் வாய்ப்புக் கூடும் என்கிறார்களே, அதை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோப்புவாசகன் மறுமொழி:

நீலவானம் அவர்களுக்கு வணக்கம். நான் சில ஆண்டுகள் ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் படிக்கும் பணியில் இருந்தவன். ஆகவே, ஒரு கோப்பு எப்படிப் படிக்கப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கிவிட்டால் உங்கள் ஐயங்களில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

முதலில் பார்க்கப்படுவது மதிப்பெண் பட்டியல். ஆனால் அது தனியாகப் பார்க்கப்படுவதில்லை. பள்ளி ஆலோசகர் அனுப்பும் பள்ளி விவரக் குறிப்பு அதன் அருகிலேயே இருக்கும். அந்தப் பள்ளியில் எந்தெந்த மேல்நிலைப் பாடங்கள் கிடைக்கின்றன, மாணவர்களின் மதிப்பெண்கள் பொதுவாக எப்படிப் பரவியிருக்கின்றன என்பவை பெரும்பாலும் அதில் இருக்கும். ஆறு ஏ.பி. பாடங்கள் மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்தை எடுத்த மாணவியும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் ஐந்தை எடுத்த மாணவியும் படிப்பவர் கண்ணுக்கு ஒரே மாணவியாகத் தெரியமாட்டார்கள். எனவே 'எத்தனை ஏ.பி.' என்பதற்குப் பொதுவான விடை இல்லை. உங்கள் மகளின் பள்ளியில் அவளுக்குக் கிடைக்கக்கூடியவற்றுள் கடினமானவற்றை, குறிப்பாகக் கணிதத்திலும் அறிவியலிலும், அவள் எடுத்தாளா என்பதே கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது அதனால்தான் முக்கியமானது. அந்த ஆண்டில் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்வது உடனே கண்ணில் படும்.

எஸ்.ஏ.டி. குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஐ.டி. 2022-இல் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. டார்ட்மத், பிரௌன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024-இல் அவ்வாறே அறிவித்தன. யேல் அதே ஆண்டில் எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி., ஏ.பி., பன்னாட்டுப் பாடத்திட்டமான ஐ.பி. ஆகிய தேர்வுகளுள் ஏதேனும் ஒன்றன் மதிப்பெண் வேண்டும் என்றது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ இந்த மதிப்பெண்ணைச் சேர்க்கை முடிவில் பார்ப்பதே இல்லை. 1510 என்பது 1540 ஆவதால் படிப்பவரின் எண்ணம் மாறாது. கணிதப் பகுதியில் மட்டும் கணிசமாகக் குறைந்திருந்தால் இன்னொரு முறை எழுதட்டும். இல்லையென்றால் அந்த வார இறுதிகளை அவளிடமே விட்டுவிடுங்கள்.

ஹார்வர்டுக்கு 2024 இலையுதிர் காலத்தில் சேர விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். நிராகரிக்கப்பட்டவர்களுள் மிகப் பலர் அங்கே நன்றாகப் படித்துத் தேறக்கூடியவர்களே. அதாவது மதிப்பெண் வாசல்வரைதான் கொண்டு சேர்க்கும். அதற்குப் பிறகு படிப்பவர் தேடுவது, இந்த மாணவி தானாக எதைத் தேடிப் போனாள் என்பதற்கான சான்று. பல கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள் தரப்படும். பத்து இடங்கள் இருப்பதாலேயே பத்தையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. உங்கள் மகளின் நாட்டம் உயிரியலும் புள்ளியியலும் என்றால், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஓடைகள், ஆறுகளின் நீரளவுத் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'ஈபேர்டு' தளத்தில் பொதுமக்கள் பதிவுசெய்த பறவைக் கணக்குகள் குவிந்து கிடக்கின்றன. தன் பகுதியைப் பற்றி அவளே ஒரு கேள்வியை எழுப்பி, அந்தத் தரவுகளைக் கொண்டு ஓராண்டு உழைத்தால், முடிவு சாதாரணமாக இருந்தாலும் அது அவளுடையதாக இருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய ஆய்வுக் கட்டுரையின் சிக்கல் அறம் மட்டுமன்று. பதினோராம் வகுப்பு மாணவி ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்கிறாள். ஆனால் அவளுடைய அறிவியல் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, விண்ணப்பத்துக்காக அவள் எழுதும் கட்டுரைகளிலும் அந்த ஆர்வத்தின் சாயல் இல்லை என்றால், படிப்பவர் என்ன நினைப்பார்? கோப்பின் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்க வேண்டும். ஆகவே ஆலோசகருக்குத் தரவிருக்கும் பணத்தைச் சேமித்துக்கொண்டு, பரிந்துரைக் கடிதங்களில் கவனம் செலுத்துங்கள். மிக அதிக மதிப்பெண் தந்த ஆசிரியரைவிட, அவள் திணறியதையும் மீண்டும் வந்து கேள்வி கேட்டதையும் நேரில் பார்த்த ஆசிரியர் எழுதும் கடிதமே உயிருள்ளதாக இருக்கும். இந்த வசந்த காலத்திலேயே அவள் நேரில் சென்று கேட்கட்டும். நீங்கள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.

முதன்மைக் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள். செயல்பாட்டுப் பட்டியலை அதில் திரும்பச் சொல்வது வீண். பாட்டியைப் பற்றி நெகிழ்ச்சியாக எழுதப்பட்ட பல கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். படித்து முடித்ததும் பாட்டிக்கு இடம் கொடுக்கலாம் என்றே தோன்றும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன் எழுத்தாக அனுப்புவதைக் 'காமன் ஆப்' மோசடியாகவே கருதுகிறது என்பதையும் அவளிடம் சொல்லிவையுங்கள்.

எதிர்க்கரை மறுமொழி:

கோப்புவாசகன் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 'உண்மையான ஆர்வம்' இருந்தால் கதவு திறக்கும் என்ற தோற்றத்தை அது உண்டாக்குகிறது, அங்கேதான் வேறுபடுகிறேன். 2023-இல் செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் ஹார்வர்டு, யேல், கார்னெல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகளுடன் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றவர்களுள், வருமானத்தில் முதல் ஒரு சதவீதத்தில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள், நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைப்போல் இரு மடங்குக்கும் மேலாக அங்கே சேர்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முன்னுரிமை, விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கம், படிப்புக்கு வெளியேயான தகுதிகளுக்குத் தரப்படும் மதிப்பீடு ஆகிய மூன்றையுமே காரணங்களாகக் காட்டினார்கள். எம்.ஐ.டி., கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் முன்னாள் மாணவர் உறவுக்கு முன்னுரிமை இல்லை. பல இடங்களில் உண்டு. இவற்றில் எதையும் உங்கள் மகளால் மாற்ற முடியாது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் 'எங்கே குறை வைத்தோம்' என்று வீட்டில் விசாரணை நடத்தாமல் இருப்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அவளால் மாற்றக்கூடியது விண்ணப்பப் பட்டியல்தான். பெரும்பாலான கல்லூரிகள் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். அதன் சேர்க்கைப் பகுதியில், பாடக் கடினம், கட்டுரை, பரிந்துரை, முன்னாள் மாணவர் உறவு, மாணவர் காட்டும் ஈடுபாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தாங்கள் எவ்வளவு மதிப்புத் தருகிறோம் என்பதைக் கல்லூரியே குறித்திருக்கும். கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் மகள் அமெரிக்கக் குடிமகளா, கிரீன் கார்டு உடையவளா, வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறாளா? நிதியுதவி தேவைப்படுமா? இதற்கான விடை தெரியாமல் 'எர்லி டிசிஷன்' பற்றி யாரும் எதுவும் சொல்லக் கூடாது.

நீலவானம் மறுமொழி:

இருவருக்கும் மிக்க நன்றி. இதைக் கேள்வியிலேயே சொல்லியிருக்கலாம்: அவள் எச்-4 விசாவில் இருக்கிறாள், கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று சொல்வதற்கில்லை. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடப்பதால் உதவித்தொகை இல்லாமல் தனியார் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த முடியாது. கார்னெலுக்கு 'எர்லி டிசிஷன்' முறையில் விண்ணப்பிக்கவே எண்ணியிருந்தோம்.

கணக்குப்பிள்ளை மறுமொழி:

நீலவானம் அவர்களே, உங்கள் பதிலைப் பார்த்த பின் முந்தைய அறிவுரைகளின் வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் அமெரிக்கப் பள்ளியில் படித்தாலும், எச்-4 விசாவில் உள்ளவர்களுக்குக் கூட்டரசின் நிதியுதவி கிடையாது. அதைக் கோரும் 'ஃபாஃப்சா' படிவம் அவளுக்குப் பயன்படாது. பெரும்பாலான தனியார் கல்லூரிகள் நிதியுதவி விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே கணக்கிடும். அங்கேதான் கல்லூரிக்குக் கல்லூரி பெரிய வேறுபாடு வருகிறது.

சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்கும் பணத்தேவையைப் பார்க்காமலே சேர்க்கை முடிவை எடுத்து, பிறகு தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பவ்டாயின் ஆகியவை அவற்றுள் சில. கார்னெல், ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா ஆகியவை வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு அப்படிச் செய்வதில்லை. நிதியுதவி கேட்பதே அங்கே முடிவைப் பாதிக்கக்கூடும். எனவே கார்னெலுக்கு 'எர்லி டிசிஷன்' என்ற கட்டுப்பாட்டு முறையில் விண்ணப்பிப்பது, உங்கள் நிலையில், இருக்கும் ஒரே முன்கூட்டிய வாய்ப்பை உங்களுக்குச் சாதகமில்லாத இடத்தில் செலவிடுவதாகும்.

'எர்லி டிசிஷன்' முறையில் சேர்க்கை விகிதம் கூடுதலாகத் தெரிவது உண்மை. அந்த எண்ணிக்கைக்குள் முன்பே தெரிவுசெய்யப்பட்ட விளையாட்டு வீரர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கழித்துப் பாருங்கள். மேலும், இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்று மாணவியும் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் கையொப்பமிடுவதால், பல கல்லூரிகளின் நிதியுதவிக் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் முன்கூட்டிய முறை வேறு வகை: வேறு தனியார் கல்லூரிக்கு அதே சுற்றில் விண்ணப்பிக்கக் கூடாது, ஆனால் இடம் கிடைத்தாலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. நவம்பர் 1-க்குள் இந்த மூன்றில் ஒன்றை அவள் தேர்ந்தெடுக்கலாம். கட்டுப்பாட்டு முறையே வேண்டுமென்றால், டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், பவ்டாயின் ஆகியவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும். ஆம்ஹர்ஸ்டும் பவ்டாயினும் சிறிய கல்லூரிகள். பெயரை நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். உயிரியல் படிக்கும் இளங்கலை மாணவிக்கு ஆய்வகத்தில் பேராசிரியரின் நேரடிக் கவனம் கிடைப்பது அங்கேதான்.

செலவைப் பற்றி ஊகிக்காதீர்கள். ஹார்வர்டு 2025-26 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலர் வரை உள்ள, சொத்து வழக்கமான அளவில் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று அறிவித்திருக்கிறது. ஒரு லட்சம் டாலருக்கு உட்பட்டால் தங்குமிடமும் உணவும்கூட இலவசம். அங்கே குடியுரிமை எதுவாயினும் நிதியுதவி விதி ஒன்றே. இத்தகைய கல்லூரிகளில் பல, குடும்ப நிதிநிலையை விவரிக்கும் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' படிவத்தைக் கேட்கும். அதைக் குடிமக்கள் அல்லாதவர்களும் நிரப்பலாம். அக்கல்லூரிகளின் தளங்களில் உள்ள, உதவித்தொகை போக ஆகும் செலவைக் காட்டும் நிகரச் செலவுக் கணிப்பானில் சென்ற ஆண்டின் வருமான வரிக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள்.

உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். எச்-4 விசாவில் உள்ளவருக்கு மாநிலவாசிக் கட்டணம் பொருந்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்க்கை அலுவலகத்தை விட்டுவிட்டு வசிப்பிடத் தகுதியை முடிவுசெய்யும் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இருபத்தொரு வயதில் எச்-4 தகுதி முடிந்து, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அது கல்லூரியின் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் வரும். அப்போது கட்டணமும் உதவித்தொகையும் மாறுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

நீலவானம் மறுமொழி:

கார்னெல் எண்ணத்தைக் கைவிட்டு, யேல் அல்லது பவ்டாயின் என்ற இரண்டில் ஒன்றை அவளே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டோம். ஒரே ஓர் ஐயம்: பவ்டாயினில் இடம் கிடைத்து, அவர்கள் தரும் உதவித்தொகை எங்களுக்குப் போதாவிட்டால், கையொப்பமிட்ட பின் விலக முடியுமா?

கணக்குப்பிள்ளை மறுமொழி:

முடியும். நிதியுதவி போதாமையால் சேர இயலாது என்பது விலகுவதற்கு ஏற்கப்படும் காரணம். முதலில் நிதியுதவி அலுவலகத்திடம் ஆவணங்களுடன் மறுபரிசீலனை கேளுங்கள். ஒருவர் சம்பளம், இந்தியாவில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், மருத்துவச் செலவு போன்றவை படிவத்தில் சரியாகப் பதிவாகாமல் போயிருக்கலாம். அதன் பிறகும் போதாவிட்டால் விடுவிக்கும்படி எழுதிக் கேட்கலாம். ஆனால் முன்கூட்டிய முடிவுகள் டிசம்பர் நடுவில் வரும்; வழக்கமான சுற்றின் கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம். இடையில் இருப்பது விடுமுறைக் காலம். பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும். ஆகவே மற்றக் கல்லூரிகளுக்கான கட்டுரைகளை நவம்பர் இறுதிக்குள் முடித்து வைக்கச் சொல்லுங்கள். பள்ளி ஆலோசகரின் கடிதமும் மதிப்பெண் பட்டியலும் விடுமுறைக்கு முன்பே அந்தக் கல்லூரிகளுக்குப் போக வேண்டும் என்று பள்ளியில் இப்போதே சொல்லிவையுங்கள்.