ஐபி முகவரி, மேக் முகவரி: இரண்டும் எதற்கு?

மூன்றாமாண்டு மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் கணினி வலையமைப்புகள் பாடம் இருக்கிறது. வலையமைப்பின் வேலைகளை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் வரிசை பிசகாமல் எழுதிவிடுகிறேன். 192.168.1.0/26 என்று கொடுத்தால் மொத்தம் 64 முகவரிகள், அவற்றில் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 62 என்று கணக்கும் போட்டுவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் அதன் நெட்வொர்க் கார்டோடு வரும் 48 பிட் மேக் முகவரி ஏற்கெனவே இருக்கும்போது, அதற்கு மேல் 32 பிட் ஐபி முகவரி ஒன்றை ஏன் ஏற்ற வேண்டும் என்பது விளங்கவில்லை. ஒன்று போதாதா? மேலே சொன்ன சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) கணக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? தேர்வுக்கான விடையாக அல்லாமல், உள்ளே உண்மையில் நடப்பதை யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ரவுட்டர்:

தம்பி, தொடர்பு இருக்கிறது. சொல்லப்போனால் விடையே சப்நெட் மாஸ்க்கில்தான், அதாவது ஐபி முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண்ணில்தான் இருக்கிறது.

மேக் முகவரியின் முதல் 24 பிட்டுகள் வழக்கமாக அந்த நெட்வொர்க் கார்டைத் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். கார்டு மதுரையில் இருக்கிறதா, மாஸ்கோவில் இருக்கிறதா என்பதற்கு அதில் எந்தத் தடயமும் கிடையாது. அந்த எண்ணை மட்டும் நம்பி வழி காட்டுவதென்றால், உலகிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி என்ற கணக்கில் ஒவ்வொரு ரவுட்டரும் அட்டவணை வைத்திருக்க வேண்டியிருக்கும். ஐபி முகவரியோ அஞ்சல் குறியீட்டைப் போன்றது: முன்பகுதியைப் பார்த்தாலே எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும், பல்லாயிரம் கணினிகளுக்கு அட்டவணையில் ஒரே வரி போதும்.

இனி உங்கள் கணினி செய்வதைப் பாருங்கள். ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்புவதற்கு முன், தன் முகவரியையும் சேர வேண்டிய முகவரியையும் மாஸ்க் வழியாக வடிகட்டி, இரண்டின் நெட்வொர்க் பகுதியும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்று என்றால், "இந்த ஐபி யாருடையது, உன் மேக் முகவரி என்ன?" என்று ஏஆர்பி என்ற நெறிமுறை மூலம் தன் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்டு, பதில் தரும் கருவிக்கே ஃபிரேமை (பாக்கெட்டைச் சுமக்கும் உறையை) நேராக அனுப்புகிறது. வேறு என்றால், வெளியே செல்லும் வாயிலான டீஃபால்ட் கேட்வே ஆகிய ரவுட்டரின் மேக் முகவரியை அதே முறையில் கேட்டறிந்து, ஃபிரேமை அதனிடம் கொடுக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் பாக்கெட்டில் சேருமிட ஐபி அந்தத் தொலைதூரச் சர்வருடையதாகவே இருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் பழைய ஃபிரேமைப் பிரித்துவிட்டு அடுத்த தாவலுக்குப் புதியதைக் கட்டுகிறது. ஆகவே மேக் முகவரி அடுத்த கைமாற்றத்துக்கு மட்டும் உரியது, ஐபி முகவரி முழுப் பயணத்துக்கும் உரியது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து ஏதாவது ஓர் இணையதளத்துக்குச் செல்லும் பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். சேருமிட மேக் என்று அதில் காண்பது உங்கள் ரவுட்டரின் எண்ணாகவே இருக்கும்.

ஆய்வக ஆசிரியர்:

மேலே உள்ள விளக்கத்துடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஐபி முகவரி வழியெங்கும் மாறாது என்பது, இடையில் நேட் (வழியில் முகவரியை மாற்றும் முறை) இல்லாதவரைதான். 192.168 எனத் தொடங்கும் தனிப்பட்ட முகவரி பொது இணையத்தில் செல்லாது என்பதால், வீட்டு ரவுட்டர் அனுப்புநர் முகவரியைத் தன் வெளி முகவரியாக மாற்றியே அனுப்புகிறது.

"ஒன்று போதாதா?" என்பதற்கு வரலாற்றிலும் விடை உண்டு. 1977 நவம்பரில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், வானொலிப் பாக்கெட் நெட்வொர்க், செயற்கைக்கோள் நெட்வொர்க் ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்தி அனுப்பிக் காட்டினார்கள். உள்ளமைப்பில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அவற்றை இணைக்க, எந்த வன்பொருளையும் சாராத பொதுவான முகவரி தேவைப்பட்டது. இன்றும் மேக் முகவரியே இல்லாத இணைப்புகளின் மேல் ஐபி ஓடுகிறது. ஐபிவி4 நெறிமுறை (நாம் பேசும் 32 பிட் ஐபி) 1981இல் ஆர்எஃப்சி 791 என்ற இணைய ஆவணமாகவும், அதை ஈதர்நெட் முகவரியோடு பொருத்தும் ஏஆர்பி 1982இல் ஆர்எஃப்சி 826 ஆகவும் வெளிவந்தன. பின்னது சில பக்கங்களே, படிக்கலாம்.

வலையமைப்புகளைக் கணினியிலேயே போலியாக அமைத்துப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சுவிட்சில் (ஒரே நெட்வொர்க்கின் கருவிகளை இணைக்கும் பெட்டியில்) இரண்டு கணினிகளை இணைத்து, 192.168.1.20, 192.168.1.130 என்ற முகவரிகளைக் கொடுத்து, இரண்டுக்கும் மாஸ்க்கை 255.255.255.0 என வைத்து, கேட்வேயைக் காலியாக விடுங்கள். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) வேலை செய்யும். பிறகு இரண்டாவது கணினியின் மாஸ்க்கை மட்டும் 255.255.255.128 என்று மாற்றி, அங்கிருந்து முதல் கணினிக்குப் பிங் அனுப்பிப் பாருங்கள்.

மூன்றாமாண்டு மாணவன்:

இருவருக்கும் நன்றி. சோதனையைச் செய்தேன். மாஸ்க்கை மாற்றிய பின் சிமுலேஷன் நிலையில் ஏஆர்பி கேள்விகூட அந்தக் கணினியை விட்டு வெளியே வரவில்லை. 20 என்ற முகவரி தன் நெட்வொர்க்கில் இல்லை என்று அது முடிவு செய்துவிடுகிறது, வெளியே அனுப்பக் கேட்வேயும் இல்லை என்பதால் அங்கேயே நின்றுவிடுகிறது என்று புரிந்துகொண்டேன். ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது: சுவிட்ச் மேக் முகவரியை மட்டுமே பார்க்கும் என்றால், எங்கள் ஆய்வகச் சுவிட்சுக்கு ஏன் ஓர் ஐபி முகவரி கொடுத்திருக்கிறார்கள்?

பழைய ரவுட்டர்:

சரியாகப் புரிந்துகொண்டீர்கள். அந்த முகவரி, நிர்வாகி தன் இருக்கையிலிருந்தே சுவிட்சுக்குள் நுழைந்து அமைப்புகளை மாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அதை நீக்கினாலும் சுவிட்ச் ஃபிரேம்களை முன்போலவே கடத்திக்கொண்டிருக்கும். ஆனால் ஆய்வகத்தில் கேட்காமல் நீக்கிவிடாதீர்கள். பாக்கெட் டிரேசரிலேயே செய்து பாருங்கள்.