டிவியில் பாட்டுப் போட்டி பார்த்தால் என் ஆல்டோ வரி காணாமல் போகிறது

கடைசிவரிசை_ஆல்டோ:

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை எனக்கு சேர்ந்திசை ஒத்திகை. ஒன்பது மணிக்கு டிவியில் பாட்டுப் போட்டி. இரண்டையும் விடமாட்டேன். இப்போது ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது.

குழுவில் நாங்கள் 34 பேர், அதில் ஆல்டோ ஏழு. ஆல்டோ என்றால் பெண் குரல்களில் கீழே பாடுகிறவர்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனிச் சுர வரி உண்டு; மெட்டு மேலே பாடும் சோப்ரானோக்காரர்களுக்குப் போய்விடும்; நமக்கு மிஞ்சுவது நடுவில் இட்டு நிரப்பும் வேலை. இப்போது பயிலும் பாட்டில் பதினொரு பார், அதாவது பதினொரு தாளச் சுற்று, ஒரே நோட்டில் (சுரத்தில்) நிற்கிறேன். எல்லோரும் உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் மாதிரி.

போன வாரம் போட்டியில் ஒரு பெண் அதே பாட்டைப் பாடிவிட்டாள். அபாரமாகப் பாடினாள், அதுதான் வினையே. என் கணவர், "இது நீ பாடுற பாட்டுதானே?" என்றார். "ஆமாங்க, ஆனா என்னோடது வேற வரி" என்று சொல்லி என் பகுதியைப் பாடிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இது எந்தப் பாட்டு?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து குளிக்கும்போதுகூட அந்தப் பெண்ணின் மெட்டுதான் வருகிறது. நேற்று ஒத்திகையில் நான்காவது பாரிலேயே வழுக்கிக்கொண்டு சோப்ரானோவுக்கு ஏறிவிட்டேன். கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லை, கையசைத்துக் குழுவை நடத்துகிறவர்!) கையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். ஏழு பேரும் தரையைப் பார்த்தோம். டிவியை நிறுத்திவிட வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா?

பின்பாட்டு_பேஸ்:

பதினொரு பார் ஒரே நோட்டா? பேஸ் (ஆண் குரல்களில் கீழே பாடுகிறவர்கள்) பக்கம் வாருங்கள், அதுதான் எங்கள் வாழ்க்கையே.

நான் செய்வது இது. என் வரியைப் பியானோவில் தட்டிக் கற்றுக்கொண்டதும், அதையே மெட்டாக நினைத்து வார்த்தைகளோடு நாலு நாள் பாடுவேன். மற்ற குரல்களைக் கேட்கவே மாட்டேன். அப்புறம்தான் போனில் சோப்ரானோ பதிவை மெதுவாக ஓடவிட்டு அதற்கு எதிராகப் பாடுவது. முதல் நாளே எதிர்க்குரலோடு மோதினால் தோற்றுப்போவோம்.

இன்னொன்று. பக்கத்தில் சத்தம் கூடினால் நம் குரலும் தானாக உயரும். லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குழுவில் ஒருத்தர் கத்த ஆரம்பித்தால் எல்லோரும் கத்துவது இதனால்தான். தன் குரல் கேட்கவில்லை என்றால் கூட்டிப் பாடாதீர்கள். ஒரு காதை லேசாக விரலால் மூடிக்கொள்ளுங்கள், உள்ளே நன்றாகக் கேட்கும்.

குழு_நடத்துகிறவள்:

நானும் ஒரு சின்ன குழுவை நடத்துகிறேன். டிவியில் நடுவரின் நாற்காலி உங்கள் பக்கம் திரும்பினால் ஜெயித்தீர்கள். எங்களிடம் கண்டக்டர் உங்கள் பக்கம் திரும்பினால் மாட்டிக்கொண்டீர்கள். அங்கே தனித்துத் தெரிவதற்குப் பயிற்சி, இங்கே கரைந்துபோவதற்கு. போட்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வரிக் கடைசியில் ஒரு குழைவு, ஒரு இழுவை சேர்த்துவிடுவார்கள். முப்பது பேர் முப்பது விதமாகக் குழைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

அந்தப் பதினொரு பார் விஷயம். ஒரே நோட்டைத் திரும்பத் திரும்பப் பாடும்போது சுருதி இறங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே தொடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டில்) உங்கள் நோட் எந்த இடம் என்றும் கேட்டு வையுங்கள். மேஜர் என்ற வகைக் கார்டின் மூன்றாம் சுரமாக (கூட்டின் நடுச் சுரம்) இருந்தால், பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது பியானோவில் கேட்டதைவிட சுமார் 14 சென்ட் கீழே வைத்தால்தான் ஒட்டும் (ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). கூட்டுக் குரல் பூட்டிக்கொள்ளும் அந்த நொடியைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால், எந்த மெட்டும் உங்களை இழுக்காது.

மூச்சும் முக்கியம். நீளமான நோட்டில் ஏழு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காதீர்கள். உயிரெழுத்தின் நடுவில் சத்தமில்லாமல் விலகி, சத்தமில்லாமல் திரும்பி வாருங்கள்.

ராத்திரி_ரிமோட்:

டிவியில் கேட்பதை அப்படியே நம்பி உங்கள் குரலோடு ஒப்பிடாதீர்கள். 2010ல் பிரிட்டனில் 'தி எக்ஸ் ஃபேக்டர்' போட்டியின் பதிவுசெய்த சுற்றுகளில் குரலின் சுருதியைத் திருத்தியிருப்பதைப் பார்வையாளர்களே கண்டுபிடித்துப் பெரிய சண்டையானது.

ஆனால் ஏன் நிறுத்த வேண்டும்? அந்தப் பெண்தான் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த சோப்ரானோ. அந்த எபிசோடைப் போட்டு, அவள் பாடும்போது நீங்கள் ஆல்டோ பாடுங்கள்.

கடைசிவரிசை_ஆல்டோ:

எல்லோருக்கும் நன்றி. ரிமோட்காரர் சொன்னதைத்தான் முதலில் செய்து பார்த்தேன், சோம்பேறிக்கு ஏற்ற யோசனை. அவள் எங்களைவிட இரண்டு அரைச்சுரம் கீழே பாடியிருக்கிறாள். சுருதி மாற்றும் ஒரு ஆப்பில் ஏற்றிக்கொண்டேன். குரல் கொஞ்சம் அணில் மாதிரி ஆனது, பரவாயில்லை.

முதல் தடவை ஆறு பார் தாங்கினேன். ஏழாவதில் அவள் ஒரு பெரிய குழைவு போட்டாள், நானும் பின்னாலேயே ஓடிவிட்டேன். நாலாவது தடவை விரலைக் காதில் வைத்துக்கொண்டு பதினொன்றையும் தாண்டினேன். அந்த ஒரே நோட்டுக்கு மேல் அவள் குரல் ஏறி இறங்குவது முதல்முறையாகக் காதில் விழுந்தது. பக்கத்து அறையிலிருந்து கணவர், "ஓ, அந்தப் பாட்டா இது!" என்றார்.