உடல் வளையத் தொடங்கிய பின் ரோடு பைக்கின் ஹேண்டில்பாரை எவ்வளவு இறக்கலாம்?

நெடுந்தூரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கிய காலத்தில் குனிந்தால் விரல்நுனி முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் எட்டும் என்பதால், ஸ்டெமுக்கு (ஹேண்டில்பாரை முன்குழாயோடு இணைக்கும் துண்டு) அடியில் 30 மி.மீ. அளவுக்கு ஸ்பேசர்களை (உயரம் கூட்டும் வளையங்கள்) வைத்து, ஸ்டெமையும் மேல்நோக்கி இருக்குமாறு புரட்டி மாட்டிக் கொடுத்தார்கள். ஹேண்டில்பாரும் சேடிலும் (இருக்கை) ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதன்பின் தொடையின் பின்தசைகளுக்கும் இடுப்புக்கும் விடாமல் நீட்சிப் பயிற்சி செய்து வந்ததில், இப்போது முழங்காலை மடக்காமலே உள்ளங்கையைத் தரையில் ஊன்ற முடிகிறது. ஆனால் பைக்கில் ஏறினால் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. கையை நீட்ட இடமில்லை. டிராப்ஸைப் (ஹேண்டில்பாரின் கீழ்நோக்கி வளைந்த பகுதி) பிடித்தால்தான் உடல் இயல்பாக அமைகிறது. எல்லா ஸ்பேசர்களையும் ஒரேயடியாக எடுத்துவிடலாமா, ஸ்டெமைத் திருப்பினாலே போதுமா, அல்லது சேடிலிலும் கைவைக்க வேண்டுமா? ஸ்டெமின் நீளம் 100 மி.மீ., சாய்வு 6 டிகிரி, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 172.5 மி.மீ.

மேட்டுச்சாலை:

உள்ளங்கை தரையைத் தொடுவது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது நின்ற நிலையில், சில நொடிகளுக்குக் கிடைக்கும் அளவு. பைக்கில் ஒரு கால் மடங்கி மேலே வரும்போதே மற்றொன்று கீழே நீள்கிறது. அவ்வளவு அசைவுக்கும் நடுவே இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய்ந்தபடி மணிக்கணக்கில் நிலையாக இருக்க வேண்டும். ஆகவே விரல் எங்கே எட்டுகிறது என்பதைவிட, சேடிலின்மேல் இடுப்பெலும்பு எவ்வளவு சாய்கிறது என்பதே இங்கே அளவுகோல்.

பைக்கை டிரெய்னரில் (ஒரே இடத்தில் நின்றபடி மிதிக்க உதவும் தாங்கி) நிறுத்தி, ஹூட்களைப் (பிரேக் லீவரின் மேலே கை வைக்கும் பகுதி) பிடித்து முழங்கையைச் சற்று மடக்கியபடி வழக்கமான வேகத்தில் மிதிக்கும்போது, யாரையாவது பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதில் கால்சட்டையின் இடுப்புப் பட்டியை மட்டும் கவனியுங்கள். பட்டியும் முதுகோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் இடுப்பு உண்மையிலேயே திரும்புகிறது என்று பொருள். பட்டி பழையபடி நிமிர்ந்து நிற்க, அதற்கு மேலே முதுகு மட்டும் கூன் போட்டிருந்தால், தசை தளர்ந்தும் உட்காரும் பழக்கம் மாறவில்லை. அந்த நிலையில் ஹேண்டில்பாரை இறக்கினால் இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் கீழ்முதுகுதான் சுமக்கும். சோதனையை உடல் சூடேறாத நேரத்தில் செய்யுங்கள், நீட்சிப் பயிற்சி முடித்த கையோடு யாருக்கும் எல்லாம் எட்டும்.

அடுத்தது சேடில். ஹேண்டில்பாருக்கு முன்பே இதைச் சரிபார்க்க வேண்டும் என்பேன். பின்தசை இறுகியிருந்த காலத்தில் பொருத்திய சேடில் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருப்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 35-ஐத் தாண்டி மடங்கியிருந்தால் இரண்டு மூன்று மி.மீ.யாக உயர்த்திப் பாருங்கள். இடுப்பு பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டது. சேடிலை 5 மி.மீ. உயர்த்தினாலே, ஸ்டெமைத் தொடாமலே ஹேண்டில்பார் 5 மி.மீ. தாழ்ந்ததாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மேலும், இடுப்பு முன்னே சாயும்போது எடை உட்காரும் எலும்புகளிலிருந்து முன்பகுதிக்கு நகர்வதால், இதுவரை உறுத்தாத சேடில் மென்பகுதியை அழுத்தி மரத்துப்போகச் செய்யலாம். சேடிலின் மூக்கை (முன்முனையை) ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்துவது உதவும். அதற்குமேல் தாழ்த்தினால் உடல் முன்னே வழுக்கி, எடையெல்லாம் கைக்குப் போய்விடும்.

ஆலன்கீ:

நான் பொருத்தும் வேலையை மட்டும் சொல்கிறேன். ஹெட் டியூப் (முன் ஃபோர்க் நுழையும் சட்டக் குழாய்) கோணம் 73 டிகிரி என்று கொண்டால், ஸ்டெமுக்கு அடியிலிருந்து 10 மி.மீ. ஸ்பேசர் ஒன்றை எடுக்கும்போது ஹேண்டில்பார் ஏறத்தாழ 9.5 மி.மீ. இறங்கி, 3 மி.மீ. முன்னே போகும். உங்கள் ஸ்டெமைத் திருப்பினாலோ அது ஏறத்தாழ 20 மி.மீ. இறங்கி, 6 மி.மீ. முன்னே போகும். அதாவது திருப்புவது இரண்டு ஸ்பேசர்களை ஒருசேர எடுப்பதற்குச் சமம். ஆகையால் ஸ்பேசரில் தொடங்குங்கள், 5 மி.மீ. துண்டுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு மாற்றத்துக்குப் பின் இரண்டு வாரமாவது ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஸ்டெமைத் திருப்பும்போது ஹேண்டில்பாரும் 12 டிகிரி சுழன்றுவிடுவதால், ஹூட்கள் கீழ்நோக்கிக் கவிழாமல் பாரை மறுபடி சுழற்றிப் பொருத்த வேண்டும்.

எடுத்த ஸ்பேசரை ஸ்டெமுக்கு மேலே போட்டு வையுங்கள். ஸ்டியரர் குழாயை (ஃபோர்க்கிலிருந்து மேலெழும், ஸ்டெம் மாட்டப்படும் குழாய்) இப்போதைக்கு வெட்டவே வேண்டாம். குழாயின் மேல்முனை, மேலேயுள்ள ஸ்பேசரின் விளிம்பைவிட 2 முதல் 3 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். முதலில் மேல்மூடி போல்ட்டை முடுக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் அசைத்து ஹெட்செட்டில் (ஃபோர்க் சுழல உதவும் பேரிங்குகள்) ஆட்டம் இல்லை என்று உறுதி செய்தபின், ஸ்டெமின் பக்கவாட்டு போல்ட்களை மாறி மாறி, அதில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

நெடுந்தூரன்:

இருவருக்கும் நன்றி. வீடியோ எடுத்துப் பார்த்தேன். இடுப்புப் பட்டி நன்றாகவே முன்னே சாய்கிறது. ஆனால் டிராப்ஸைப் பிடித்து மிதிக்கும்போது, பெடல் உச்சிக்கு வரும் இடத்தில் வலது முழங்கால் வெளிப்பக்கம் விலகிப்போகிறது. கிராங்கை மாற்ற வேண்டுமா?

பின்காற்று:

முழங்கால் விலகுவது, உச்சியில் தொடைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம் போதாமல் இடுப்பு மூட்டு தேடிக்கொள்ளும் வழியாக இருக்கலாம். தொடையின் பின்தசை எவ்வளவு நீண்டாலும் இந்தக் கோணம் தானாகக் கூடுவதில்லை. இங்கே தடுப்பது மூட்டின் முன்பகுதி. 165 மி.மீ. கிராங்க் போட்டால் பெடல் உச்சியில் 7.5 மி.மீ. தாழும்; அடியில் அதே அளவு மேலே வருவதால் சேடிலையும் அவ்வளவு உயர்த்தலாம். ஆக மொத்தம் 15 மி.மீ. இடம் கிடைக்கும். ஆனால் தாழ்ந்த சேடிலும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், மேட்டுச்சாலை சொன்னபடி சேடில் உயரத்தை முடித்துவிட்டு மறுபடி வீடியோ எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் விலகுவதால், இரு கால் கிளீட்டுகளும் (ஷூவைப் பெடலில் பூட்டும் தகடுகள்) ஒரே நிலையில் உள்ளனவா என்பதையும் பாருங்கள். அப்போதும் விலகினால் கிராங்கைப் பற்றிப் பேசலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மேலே உள்ளவர்களிடமிருந்து நான் வேறுபடுகிறேன். "கையை நீட்ட இடமில்லை" என்பது உயரத்தைப் பற்றிய குறையைவிட நீளத்தைப் பற்றிய குறையாகவே எனக்குப் படுகிறது. டிராப்ஸ் ஹூட்களைவிடத் தாழ்வாக இருப்பதால்தான் அங்கே வசதியாக இருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அங்கே முதுகு விரிய இடம் கிடைப்பதாலும் அப்படி இருக்கலாம். 10 மி.மீ. ஸ்பேசர் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, 110 மி.மீ. ஸ்டெமை இரவல் வாங்கி, இப்போதைய கோணத்திலேயே போட்டுப் பாருங்கள். கழுத்தையும் மறக்க வேண்டாம்: ஹேண்டில்பார் தாழத் தாழத் தலையை அதிகம் நிமிர்த்த வேண்டியிருக்கும், அதற்குத் தொடையின் நெகிழ்ச்சி எந்த வகையிலும் உதவாது. நீண்ட ஸ்டெம் போட்டதும் ஹூட்களிலேயே அந்த வசதி வந்துவிட்டால், மீதி ஸ்பேசர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.