திங்போச்சேயில் தலைவலியும் குமட்டலும்: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எவரெஸ்ட் அடிவார முகாமை நோக்கி நடந்துகொண்டிருக்கும் எங்கள் குழு, நாம்சே பஜாரில் உடல் பழகுவதற்காகத் தங்கிய பிறகு, இப்போது சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள திங்போச்சேயில் இருக்கிறது. நேற்று மாலை முதல் எனக்கு விடாத தலைவலியும் குமட்டலும் இருக்கின்றன. உணவும் வயிற்றில் தங்கவில்லை. நடை தள்ளாடவில்லை, மூச்சுத் திணறலும் இல்லை என்பதே ஆறுதல். நாளை இன்னும் 500 மீட்டர் மேலேயுள்ள லோபுச்சேக்குச் செல்வது குழுவின் திட்டம். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோயின் அறிகுறிகள் தீரும்வரை மேலே ஏறக் கூடாது என்பதை அறிவேன்; ஆனால் என் ஒருவரால் மற்றவர்களின் நெடுநாள் கனவு தடைப்படுமோ என்ற தயக்கம் வாட்டுகிறது. இங்கேயே ஓய்வெடுத்தால் போதுமா, துணையுடன் பாங்போச்சேக்கு இறங்கிவிடுவதே நல்லதா? அருகிலுள்ள பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையத்தை நாடியவர்களும், உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை அறிகுறிகள் தோன்றிய பின் எடுத்துக்கொண்டவர்களும் தங்கள் அனுபவத்தை இன்றிரவுக்குள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.