வதாரு 1988: சப்டைட்டில் நேரம் பாதியில் நழுவுகிறது, உதவி தேவை

நண்பர்களே, சன்ரைஸ் நிறுவனத்தின் ஜப்பானிய டிவி அனிமே 'மஷின் எய்யூடென் வதாரு' முதல் தொடருக்கு (1988-89, 45 எபிசோட்) கையிலுள்ள எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்புகளைச் சரிசெய்ய ஆலோசனை வேண்டும்.

கோப்புகள் 25 எஃப்பிஎஸ் (நொடிக்கு 25 ஃபிரேம்) வீடியோவுக்கானவை. நம் வீடியோ 23.976. அப்படியே போட்டால் முதல் வசனம் பொருந்தும், பிறகு வரவர முந்திக்கொள்ளும். 24ஆவது நிமிடத்தில் கிட்டத்தட்ட 59 நொடி. எல்லா நேரத்தையும் 1.0427ஆல் பெருக்கியதும் அது தீர்ந்தது.

தீராதது இது: நடு இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு எபிசோடிலும் 2 முதல் 5 நொடி தள்ளிப்போகிறது. இடைவேளையில் சில நொடி காட்டும் அட்டை ஒரு பதிப்பில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அளவு மாறுவதால் ஒரே ஷிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. சப்டைட்டிலைத் தானாகப் பொருத்தும் கருவிகளில், எஃப்எஃப்சப்சிங்க் மொத்தக் கோப்பையும் ஒரே அளவு நகர்த்துவதால் பயனில்லை. சுஷிக்கு அந்த 25 எஃப்பிஎஸ் வீடியோவின் ஆடியோ வேண்டும், அது இல்லை. மிஞ்சியது அலாஸ். அதன் ஸ்பிளிட் பெனால்டி (கோப்பைத் துண்டுகளாக வெட்டுவதை எவ்வளவு தவிர்க்க வேண்டும் என்ற அளவு) இயல்பாக 7. குறைத்தால் தேவையில்லாத இடத்திலும் வெட்டுகிறது, கூட்டினால் இடைவேளையையே கவனிப்பதில்லை. போதாததற்குத் தொடக்கப் பாடலையும் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறது.

பழைய டிவி அனிமேவுக்கு எந்த மதிப்பு ஒத்துவந்தது? பாடல் வரிகளை நீக்கிவிட்டு ஓட்டினால் பலன் உண்டா? ஏஜிசப் என்ற சப்டைட்டில் எடிட்டரில் கையால் செய்யலாம்தான், ஆனால் 45 எபிசோட்! தொடரில் வரும் சாமுராய் ஷிபராகு போன் போட்டுத் தன் ரோபோ சென்ஜின்மாருவை வரவழைக்கும் காட்சியில் வசனம் அரை நொடி பிந்தினாலும் சிரிப்பு போய்விடும், அதனால் 0.2 நொடிக்குள் வர வேண்டும்.